பட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், பல்கலைக்கழகப் படிப்பு உங்களுக்குள் என்ன செய்தது?

#1 மைக்கூடு

வணக்கம் நண்பர்களே. நான் வேதியியல் படித்து முடித்துப் பதினெட்டு வருடம் ஆகிறது. இப்போது பார்க்கும் வேலைக்கும் அந்தப் படிப்புக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. போன வாரம் தங்கை மகன் கேட்டான்: "மாமா, படித்தது எதுவும் உங்களுக்கு உதவவில்லையே, அப்புறம் எதற்கு அத்தனை வருடம்?" உடனே பதில் சொல்ல வரவில்லை. இரண்டு நாள் யோசித்தபோது ஒரு மத்தியானம் ஞாபகம் வந்தது. அதை இங்கே எழுதுகிறேன்.

இரண்டாம் ஆண்டு ஆய்வகம். குடுவையில் அமிலத்தை எடுத்து, நிறம் மாறிக் காட்டும் ஃபினால்ஃப்தலீன் இரண்டு சொட்டு விட்டு, அளவுக்கோடு போட்ட குழாயான ப்யூரெட்டிலிருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். நிறமில்லாத கரைசல் இளஞ்சிவப்பாகும். குடுவையைச் சுழற்றிய பிறகும் அந்த நிறம் அரை நிமிடம் நின்றால் அதுதான் முடிவு. அதுவரை எத்தனை மில்லி காரம் செலவானது என்று எழுத வேண்டும். சீனியர்களின் ரெக்கார்டு நோட்டில் 24.3 என்று இருந்தது. வகுப்பு முழுவதற்கும் அந்த எண் தெரியும். நான் மூன்று முறை செய்தேன்: 24.3, 24.4, 24.3. கை வலித்ததால் நான்காவது முறையைப் பக்கத்து மேசைத் தோழியிடம் கொடுத்தேன். அவள் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்து அன்றுதான் வந்திருந்தாள். அந்த எண் அவளுக்குத் தெரியாது. அவளுக்கு 25.1 வந்தது. நான் அதை நோட்டில் எழுதி, எழுதிய கையோடு அடித்துவிட்டேன்.

மேடம் சுற்றி வந்தபோது அடித்த எண்ணில்தான் விரலை வைத்தார்.

"இதை ஏன் அடித்தாய்?"

"தப்பான ரீடிங், மேடம்."

"தப்பு என்று எப்படித் தெரியும்?"

"மற்ற மூன்றும் ஒத்துப்போகிறதே."

"அந்த மூன்றையும் எடுத்தது யார்?"

"நான்தான்."

"அப்படியானால் மூன்று பேர் சொல்லவில்லை. ஒருத்தர் மூன்று தடவை சொல்லியிருக்கிறார். திரும்பச் செய். இந்த முறை ப்யூரெட்டைப் பார்க்காதே, குடுவையை மட்டும் பார்."

செய்தேன். 25.0. அந்த வாரம் கரைசலைப் புதிதாகத் தயாரித்திருந்தார்கள், செறிவு மாறியிருந்தது. 24 தாண்டியதும் காரம் விழுந்த இடத்தில் ஒரு கணம் தெறிக்கும் இளஞ்சிவப்பைப் பார்த்தவுடன் நான் குழாயை மூடியிருக்கிறேன். சுழற்றியிருந்தால் அது மறைந்திருக்கும். நான் பொய் எழுதவில்லை என்பதுதான் இன்றைக்கும் என்னை உலுக்குகிறது. என் கண்ணுக்கு உண்மையாகவே நிறம் தெரிந்தது. எதிர்பார்த்தது கண்ணுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

இப்படிச் சொட்டுச் சொட்டாக அளக்கும் டைட்ரேஷன் எல்லாம் மறந்துவிட்டது. ஆனால் ஒரு செய்தி ஐந்து பேரிடமிருந்து வந்தால், "ஐந்து பேரா, ஒருத்தரே ஐந்து தடவையா?" என்று இன்றும் கேட்கிறேன். எனக்குப் பிடித்த முடிவு சீக்கிரம் வந்துவிட்டால் குடுவையைச் சுழற்றிப் பார்க்கிறேன். என்னைப் பொறுத்தவரை படிப்பு கொடுத்தது இதுதான்.

உங்களுக்கு என்ன கிடைத்தது? பல்கலைக்கழகம் இல்லாமலே இது வந்திருக்குமா? மனம் திறந்து எழுதுங்கள்.

#2 பட்டறைக்காரன்

அருமையான பதிவு மைக்கூடு. ஆனால் கடைசிக் கேள்விக்கு என் பதில்: வந்திருக்கும்.

நான் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. பதினாறு வயதில் லேத் பட்டறையில் சேர்ந்தவன். இயந்திரம் யாருக்கும் முகத்தாட்சண்யம் பார்க்காது. தண்டின் விட்டம் ஒரு நூல் கூடினால் பேரிங் ஏறாது, அவ்வளவுதான். முதலாளி சொன்னாலும் ஏறாது, புத்தகம் சொன்னாலும் ஏறாது. உங்கள் மேடம் கற்றுக்கொடுத்ததை எனக்கு இரும்பு கற்றுக்கொடுத்தது.

மைக்கேல் ஃபாரடே என்ன படித்தார்? கொல்லர் மகன். 14 வயதில் புத்தகம் பைண்டிங் செய்யும் இடத்தில் வேலை பழகப் போனார். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களையே படித்தார். 1812-இல் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளுக்குப் போனார், குறிப்பெடுத்து அழகாகப் பைண்ட் செய்து டேவிக்கே அனுப்பினார். அடுத்த ஆண்டு ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் ஆனார். 1831-இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தார். இன்று உலகத்தில் ஓடும் ஜெனரேட்டர்களுக்கும் டிரான்ஸ்ஃபார்மர்களுக்கும் அதுதான் அடிப்படை. பல்கலைக்கழகத்தில் படித்தவர்களிடம் மட்டும்தான் சுயமாக யோசிக்கும் புத்தி இருக்கிறது என்று சொல்லும்போது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது. நீங்கள் அப்படிச் சொல்லவில்லை, தெரியும். ஆனால் சொல்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

#3 மூன்றாம்வரிசை

பட்டறைக்காரன் அண்ணா சொல்வதை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். நான் பட்டதாரி. மூன்று வருடமும் தேர்வுக்கு முந்தைய வாரம் மட்டும் படித்தேன். பழைய வினாத்தாள், முக்கியக் கேள்விகள், மனப்பாடம், வாந்தி எடுத்தல். என் விடைத்தாளில் எனக்கென்று ஒரு கருத்து இருந்ததாக ஞாபகமே இல்லை. இருந்திருந்தால் மதிப்பெண் குறைந்திருக்கும்.

மைக்கேல் ஸ்பென்ஸ் என்ற பொருளியலாளர் 1973-இல் ஒரு மாதிரியைக் கொடுத்தார். படிப்பு ஒருவரின் திறமையை எள்ளளவும் கூட்டவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் பட்டத்துக்குக் கூடுதல் சம்பளம் கிடைக்கலாம் என்று காட்டினார். காரணம், சிரமமான ஒன்றை முடித்துக் காட்டியதே வேலை கொடுப்பவருக்கு ஒரு அடையாளம். 2001-இல் நோபல் பெற்ற மூவரில் அவரும் ஒருவர். அதைப் படித்தபோது என் மூன்று வருடத்தை யாரோ எட்டிப் பார்த்து எழுதியதைப் போல் இருந்தது. எனக்குக் கிடைத்தது அடையாளம் மட்டும்தான். மைக்கூடுக்கு ஒரு மேடம் கிடைத்தார். எனக்குக் கிடைக்கவில்லை. அதை ஒரு இழப்பாகவே நினைக்கிறேன்.

#4 மைக்கூடு

பட்டறைக்காரன் அண்ணா, இரும்பு கற்றுக்கொடுத்தது என்றீர்களே, அதில் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை.

ஃபாரடே பற்றி மட்டும் கொஞ்சம் சேர்க்கிறேன். அவர் தனியாக உட்கார்ந்து வளர்ந்தவர் இல்லை. 1810 முதலே லண்டனில் சிட்டி ஃபிலாசஃபிக்கல் சொசைட்டி என்ற குழுவுக்குப் போய்க்கொண்டிருந்தார். அவரைப் போலவே பகலில் வேலை பார்த்த இளைஞர்கள் மாலையில் கூடி, ஒருவர் பேச மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். அதன்பின் டேவி. கட்டடமும் பட்டமும் இல்லாமல் ஒரு பல்கலைக்கழகத்தின் சாரத்தை அவர் தானே தேடிச் சேர்த்துக்கொண்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவருக்குக் கணிதம் அவ்வளவாக வராது. அவர் மனக்கண்ணால் பார்த்த விசைக்கோடுகளைச் சமன்பாடாக எழுதியவர் கேம்பிரிட்ஜில் கணிதம் படித்த மேக்ஸ்வெல். இரண்டு பேரும் வேண்டியிருந்தது.

அதனால் என் கேள்வியைத் திருத்திக்கொள்கிறேன். நாம் யோசித்ததை இன்னொருவர் பொறுமையாகப் பார்த்து, "இது எப்படித் தெரியும்?" என்று கேட்கும் வாய்ப்பு எங்கே கிடைக்கிறது? எல்லோருக்கும் டேவி கிடைப்பதில்லை. மூன்றாம்வரிசைக்குப் பல்கலைக்கழகத்திலேயே கிடைக்கவில்லை. அது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

#5 ஓரக்குறிப்பு

மைக்கூடு சொன்ன 24.3 கதைக்குப் பெரிய அண்ணன் ஒன்று உண்டு. எலக்ட்ரானின் மின்னூட்டத்தை மில்லிகன் என்ற இயற்பியலாளர் எண்ணெய்த் துளிகளை வைத்து அளந்தார். காற்றின் பாகுநிலைக்கு அவர் எடுத்துக்கொண்ட மதிப்பு சற்றுத் தவறு என்பதால் விடை உண்மையைவிடச் சிறிது குறைவாக வந்தது. அதற்கப்புறம் அளந்தவர்கள் ஒரே தாவலில் சரியான மதிப்புக்குப் போகவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறினார்கள் என்று இயற்பியலாளர் ஃபைன்மன் 1974-இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு உரையில் சொன்னார். மில்லிகன் எண்ணைவிட ரொம்ப அதிகமாக வந்தால் எங்கே தப்பு என்று தேடினார்களாம். பக்கத்தில் வந்தால் தேடவில்லை. அவர்கள் யாரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. உங்களைப் போல அவர்களுக்கும் நிறம் தெரிந்திருக்கிறது.

நான் உளவியல் படித்தேன். முதல் ஆண்டில் படித்த சாலமன் ஆஷின் சோதனை இன்னும் கூடவே வருகிறது. 1951-இல் வெளியானது. ஒரு அறையில் சிலர். ஒரு கோட்டைக் காட்டி, மற்ற மூன்று கோடுகளில் எது இதே நீளம் என்று கேட்பார்கள். சின்னக் குழந்தைக்கும் தெரியும் விடை. ஆனால் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஏற்பாட்டு ஆட்கள். அவர்கள் கூசாமல் தவறான கோட்டைச் சொல்வார்கள். உண்மையில் சோதிக்கப்படுபவர் கடைசிப் பக்கம் உட்கார்ந்திருப்பார், அவர் முறை வரும். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விடைகளில் அவர்கள் கூட்டத்தோடு போனார்கள். நான்கில் ஒருவர் மட்டும் ஒரு தடவைகூட வளையவில்லை.

எல்லோரும் இதைச் சொல்லிவிட்டு "மனிதர்கள் ஆட்டுமந்தை" என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அதற்கடுத்த பகுதிதான் முக்கியம். ஆஷ் ஒரு மாற்றம் செய்தார். ஏற்பாட்டு ஆட்களில் ஒரே ஒருவரைச் சரியான விடை சொல்லவைத்தார். அவ்வளவுதான், கூட்டத்தோடு போவது சட்டென்று பெரிய அளவில் குறைந்துவிட்டது.

சுயசிந்தனை என்றால் தன்னந்தனியாக யோசிப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாடத்துக்குப் பிறகு அப்படி நினைக்கவில்லை. "எனக்கும் அப்படித்தான் தெரிகிறது" என்று சொல்ல ஒரு ஆள் இருந்தால் நம் கண்ணை நாம் நம்ப முடிகிறது. அந்த ஒரு ஆள் எனக்குப் பல்கலைக்கழகத்தில்தான் கிடைத்தாள். இன்றைக்கும் முக்கியமான முடிவென்றால் முதலில் அவளுக்குத்தான் ஃபோன் போடுகிறேன். அவள் பாதி நேரம் என்னோடு ஒத்துப்போவதில்லை, ஆனால் நான் சொல்வது காதில் விழாத மாதிரி இருந்ததே இல்லை.

#6 பட்டறைக்காரன்

இது புதிதாக இருக்கிறது ஓரக்குறிப்பு. பட்டறையில் எனக்கும் அப்படி ஒருத்தர் இருந்தார், மூத்த ஃபிட்டர். "மேஸ்திரி சொல்லட்டும், நீ அளந்து பார்" என்பார். அவர் இல்லாவிட்டால் இரும்பு மட்டும் எனக்குக் கற்றுக்கொடுத்திருக்குமா என்று இப்போது யோசிக்கிறேன்.

#7 எதிர்க்காற்று

எல்லோரும் ஒரே பக்கம் சாய்வதால் மறுபக்கத்தைச் சொல்கிறேன். படிப்பு சுயசிந்தனையைக் கொடுக்கிறது என்கிறீர்கள். பிடிவாதத்துக்குக் கூர்மையான கத்தியையும் அதுதான் கொடுக்கிறது. படிக்காதவன் தப்பாக நம்பினால் "என்னமோ தெரியவில்லை" என்று விட்டுவிடுவான். படித்தவன் அதே தப்புக்குப் பத்து ஆதாரம் தேடிப் பிடிப்பான்.

லைனஸ் பாலிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1954-இல் வேதியியல் நோபல், 1962-க்கு அமைதி நோபல், இரண்டையும் யாரோடும் பகிராமல் வாங்கியவர். அவரே வைட்டமின் சி-யைப் பெரிய அளவில் சாப்பிட்டால் சளியும் போகும், புற்றுநோய்க்கும் நல்லது என்று பல வருடம் வாதாடினார். மேயோ கிளினிக் சோதனைகளில் புற்றுநோயாளிகளுக்குப் பலன் தெரியவில்லை என்று வந்தது. அவர் கடைசிவரை விடவில்லை. டான் ஷெக்ட்மன் என்ற விஞ்ஞானி 1982-இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஒரு உலோகக் கலவையைப் பார்த்தபோது, படிகத்தில் இருக்கவே முடியாது என்று பாடப்புத்தகம் சொன்ன ஒரு சமச்சீர் தெரிந்தது. அவரது குழுத் தலைவர் பாடப்புத்தகத்தைக் கையில் கொடுத்துப் படித்துவிட்டு வரச் சொன்னார், பிறகு குழுவை விட்டே போகச் சொன்னார். ஷெக்ட்மனைக் கடுமையாக எதிர்த்தவர்களில் முன்னால் நின்றவர் அதே பாலிங். 2011-இல் ஷெக்ட்மனுக்கு வேதியியல் நோபல் கிடைத்தது.

இவ்வளவு படித்தும் பாலிங்குக்குத் தன் குடுவையைச் சுழற்றத் தெரியவில்லையே? இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

#8 பழையவாத்தியார்

எதிர்க்காற்றின் கேள்வி இந்த இழைக்கு வர வேண்டிய கேள்வி. நான் முப்பத்தொரு வருடம் பல்கலைக்கழகத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் பாலிங். அவரும் பெரும்பான்மையை எதிர்த்தார், ஷெக்ட்மனும் எதிர்த்தார். வெளியிலிருந்து பார்த்தால் இருவரும் ஒன்றுதான். ஷெக்ட்மன் தான் கண்டதைத் தானே முதலில் சந்தேகப்பட்டார். படிகங்கள் இரட்டையாக ஒட்டி வளர்ந்தால் அப்படி ஒரு தோற்றம் வரலாம் என்பது தெரிந்து, அதுதானா என்று அன்றைக்கே தேடிப் பார்த்தார். தன் கருத்தைக் கொல்லக்கூடிய சோதனையைத் தானே முதலில் செய்தார். பாலிங்குக்கு வைட்டமின் விஷயத்தில் அது முடியவில்லை. தன் துறையில் அவ்வளவு கூர்மையாக இருந்தவருக்கு அடுத்த துறையில் முடியாமல் போனது. அதனால் படிப்பு ஒரு தடவை ஏற்றிக்கொண்டால் ஆயுளுக்கும் காக்கும் தடுப்பூசி இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். எதிர்த்துப் பேசுவதையே சுயசிந்தனை என்று என் மாணவர்கள் பலர் நினைத்தார்கள். கூட்டம் கிழக்கே போனால் மேற்கே போகிறவனும் கூட்டத்தைப் பார்த்துத்தானே திசையை முடிவு செய்கிறான்.

இனி நான் செய்த தவறு. முதல் பத்து வருடம் நான் நல்ல ஆசிரியர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாணவர்கள் நான் சொன்னதையே நன்றாகத் திருப்பி எழுதினார்கள், நானும் நன்றாக மதிப்பெண் போட்டேன். ஒருநாள் விடைத்தாள் திருத்தும்போது என் வாக்கியம் ஒன்று, நான் வகுப்பில் போகிறபோக்கில் சொன்ன ஒரு ஊகம், பதினேழு தாள்களில் உண்மையாக எழுதப்பட்டிருந்ததைப் பார்த்தேன். ஒரு தாளில்கூட ஒரு கேள்விக்குறி இல்லை. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அதற்கப்புறம் முறையை மாற்றினேன். ஐரோப்பாவின் பழைய பல்கலைக்கழகங்களில், பாரிஸிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும், இடைக்காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு கேள்வியை எடுத்தால் முதலில் எதிர்த்தரப்பின் வாதங்களை அடுக்க வேண்டும். பிறகுதான் தன் நிலை. கடைசியில் அந்த ஒவ்வொரு வாதத்துக்கும் தனித்தனியாகப் பதில். அவர்கள் ஆராய்ந்த கேள்விகளில் பல இன்று நமக்கு அந்நியம். ஆனால் அந்தப் பயிற்சி அருமையானது. நான் அதையே எடுத்துக்கொண்டேன். கட்டுரையின் முதல் பாதியில் உங்களுக்குப் பிடிக்காத தரப்பை, அந்தத் தரப்பினரே படித்து "ஆமாம், இதைத்தான் நாங்கள் சொல்கிறோம்" என்று தலையாட்டும்படி எழுத வேண்டும். இரண்டாம் பாதி உங்களுக்கு.

ஒரு மாணவன் முதல் பாதியை நான்கு பக்கம் எழுதிவிட்டு இரண்டாம் பாதியில் ஒரே வரி எழுதியிருந்தான்: "ஐயா, எழுதி முடித்தபோது நான் அந்தப் பக்கம் வந்துவிட்டேன், எனக்கு இன்னும் ஒரு வாரம் வேண்டும்." கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துப் பழைய நிலைக்கே திரும்பியிருந்தான், ஆனால் மூன்று காரணங்களைக் கைவிட்டு, முன்பு இல்லாத ஒன்றைப் புதிதாகக் கண்டுபிடித்து. முப்பத்தொரு வருடத்தில் நான் படித்த கட்டுரைகளில் அதைத்தான் முதலில் சொல்வேன்.

1810-இல் பெர்லினில் வில்ஹெல்ம் ஃபான் ஹும்போல்ட் பல்கலைக்கழகத்தை அமைத்தபோது, ஆசிரியர் மாணவருக்காக அங்கே இல்லை, இருவரும் அறிவுக்காக இருக்கிறார்கள் என்ற எண்ணம்தான் அதன் அஸ்திவாரம். அந்த மாணவனின் கட்டுரையைப் படித்த அன்றுதான் அது எனக்கு விளங்கியது. மூன்றாம்வரிசை, உங்களுக்கு அது கிடைக்காமல் போனதற்கு என்னைப் போன்ற ஆசிரியர்களும் காரணம். மன்னியுங்கள்.

#9 மூன்றாம்வரிசை

ஐயா, நீங்கள் மன்னிப்பெல்லாம் கேட்கக் கூடாது. ஆனால் படித்ததும் கண் கலங்கிவிட்டது. எந்த ஆசிரியரும் என்னிடம் இப்படிப் பேசியதில்லை.

#10 முதல்படி

இவ்வளவு நாள் படிக்க மட்டும் செய்தேன், இன்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் முதன்முதலில் பல்கலைக்கழகம் போனது நான். போன முதல் வருடமே வீட்டில் சண்டை. அப்பா எதைச் சொன்னாலும் "அதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்பேன். புதிதாகக் கற்ற வித்தை, சும்மா இருக்க முடியவில்லை. ஒருநாள் அப்பா நிதானமாகவே கேட்டார்: "அப்படியென்றால் நான் இதுவரை சொன்னது எல்லாம் தப்பா அம்மா?" அந்தக் குரலை என்னால் மறக்க முடியவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

சுயசிந்தனையின் இந்த விலையைப் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. வீட்டுக்கு வந்தால் ஒரு மொழி, வகுப்பில் ஒரு மொழி. இரண்டு இடத்திலும் பாதிப் பாதி.

பிறகு ஒரு ஆய்வுக்காகப் பெரியவர்களிடம் பேட்டி எடுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும், "ஏன் அப்படி?" என்பதைக் குற்றம் சாட்டும் தொனி இல்லாமல் கேட்க வேண்டும். பழகுவதற்காக அப்பாவையே பேட்டி எடுத்தேன். இரண்டு மணி நேரம். அவர் வாழ்க்கையில் மூன்று பெரிய முடிவுகளைச் சுற்றியிருந்த அத்தனை பேரும் வேண்டாம் என்று சொல்லியும் எடுத்திருக்கிறார், அதில் ஒன்று என்னைப் படிக்க அனுப்பியது. எதற்காக என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் வைத்திருந்தார். அதுவரை நான் கேட்டதே இல்லை. அவரிடம் ஆதாரம் கேட்ட நான், அவரிடமே ஆதாரம் இருக்கும் என்று ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை.

அந்த ஒலிப்பதிவை இன்றும் வைத்திருக்கிறேன். என் படிப்பில் எனக்குக் கிடைத்ததில் முதலிடம் அதற்குத்தான். அப்பா பட்டறைக்காரன் அண்ணாவைப் போன்றவர். அண்ணா சொன்ன வலி எனக்குப் புரிகிறது.

#11 பட்டறைக்காரன்

தங்கச்சி, உன் அப்பா கொடுத்துவைத்தவர். வேறு எதுவும் எழுதத் தெரியவில்லை.

#12 இரவுப்படிப்பு

எனக்கு 46 வயது. போன வருடம்தான் தொலைநிலைக் கல்வியில் தத்துவம் சேர்ந்தேன். பதவி உயர்வுக்காக இல்லை. வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு பத்தரைக்குப் புத்தகத்தைத் திறப்பேன்.

இப்படிப் படிக்க முடிவதற்கே பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். 1969-இல் தொடங்கி, 1971-இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. முன்தகுதி எதுவும் கேட்கவில்லை. வயது வந்தவர்கள் எத்தனை வயதானாலும் வரலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். பிறகு பல நாடுகளில் அந்த மாதிரிப் பல்கலைக்கழகங்கள் வந்தன.

என் முதல் கட்டுரை திரும்பி வந்தபோது மதிப்பெண்ணைப் பார்க்கவில்லை. ஓரத்தில் ஒன்பது இடத்தில் பென்சில் குறிப்பு இருந்தது. நான் "பொதுவாக" என்று எழுதிய இடத்தில் எல்லாம் மெல்லிய அடிக்கோடு. ஓரிடத்தில் "இது நீங்கள் நம்புவதா, நம்ப வேண்டும் என்று நினைப்பதா?" என்று கேட்டிருந்தார். இருபது வருடம் அலுவலகத்தில் அறிக்கை எழுதியிருக்கிறேன். யாரும் என் வாக்கியத்தை இவ்வளவு அக்கறையாகப் படித்ததில்லை. அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

#13 புதுமாணவி

எல்லோருக்கும் வணக்கம். நான் இப்போது முதல் ஆண்டு. நீங்கள் எழுதுவதைப் படிக்க ஆசையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

என் வகுப்பில் பாதிப் பேருக்குக் கட்டுரையைச் செயற்கை நுண்ணறிவுதான் எழுதித் தருகிறது. நானும் இரண்டு தடவை அப்படிக் கொடுத்தேன். நல்ல மதிப்பெண் வந்தது. அது என்னைவிட நன்றாக எழுதுகிறது, பிழை இல்லை, எல்லாப் பக்கமும் சொல்கிறது. அப்புறம் நான் எதற்கு உட்கார்ந்து மூளையைக் கசக்க வேண்டும் என்று உண்மையாகவே கேட்கிறேன். திட்டாதீர்கள்.

#14 மைக்கூடு

திட்ட மாட்டோம் அம்மா. நேர்மையாகக் கேட்டதற்கு நன்றி.

நான் எடுத்த 25.0 என்ற எண் யாருக்காவது தேவைப்பட்டதா? இல்லை. மேடத்துக்கு அந்தக் கரைசலின் செறிவு முன்பே தெரியும், அவர் தயாரித்ததுதான். உலகத்தில் ஒருவருக்கும் வேண்டாத ஒரு எண்ணை எடுக்க நான் ஒரு மத்தியானம் நின்றேன். அதேபோல உங்கள் கட்டுரையும் ஆசிரியருக்குத் தேவையில்லை. அந்தத் தலைப்பில் நூறு நல்ல கட்டுரைகளை அவர் படித்திருப்பார். அதை எழுதும்போது, "இதை நான் ஏன் நம்புகிறேன்?" என்று உங்களுக்கே பதில் தெரியாமல் பேனா நிற்கும் பாருங்கள், அந்த இடத்துக்காகத்தான் அத்தனையும். கருவி எழுதித் தந்தால் பேனா எங்கும் நிற்காது. எங்கே நின்றிருக்கும் என்றுகூட உங்களுக்குத் தெரியாமல் போய்விடும். அந்த இழப்பு மதிப்பெண்ணில் தெரியாது என்பதுதான் என் கவலை.

கருவியே வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுதி முடித்தபின் "இதற்கு வலுவான மறுப்பு என்ன?" என்று அதையே கேட்டுப் பார்க்கலாம். முதல் வரைவு மட்டும் உங்கள் கையால் இருக்கட்டும், எவ்வளவு மோசமாக இருந்தாலும். அடித்த இடத்தையும் அழிக்க வேண்டாம். ஆய்வக நோட்டில் தவறான எண்ணை ரப்பரால் அழிக்கவோ மையால் மறைக்கவோ விடமாட்டார்கள். கீழே இருப்பது படிக்கும்படி ஒரே ஒரு கோடு போட வேண்டும். அந்த விதி இல்லாவிட்டால் மேடத்துக்கு என் 25.1 கண்ணில் பட்டிருக்காது.

#15 எதிர்க்காற்று

மைக்கூடு சொன்னதில் ஒரு சிக்கல். "ஆசிரியருக்குத் தேவையில்லை" என்றால், அறுபது தாளை ஒரே ராத்திரியில் திருத்தும் ஆசிரியர் எதையும் கவனிக்க மாட்டார் என்பதும் சேர்ந்தே வருகிறது. பிள்ளைகள் கருவியிடம் போவதற்குப் பாதிக் காரணம், யாரும் படிக்கப்போவதில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருப்பது. வாத்தியார் ஐயாவைப் போல ஒருவர் உட்கார்ந்து படிப்பார் என்றால் நிறையப் பேர் தாங்களே எழுதுவார்கள். ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர் என்ற கணக்கைப் பேசாமல் சுயசிந்தனையைப் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

பாலிங் பற்றி ஐயா சொன்னதை மட்டும் ஏற்றுக்கொள்கிறேன். எதிர்ப்பு வேறு, சோதனை வேறு. என் பெயரையே மாற்றலாமா என்று யோசிக்க வைத்துவிட்டார்.

#16 பழையவாத்தியார்

எதிர்க்காற்று சொல்வது முழு உண்மை. நான் அந்தப் பயிற்சியைக் கொடுத்த வகுப்பில் இருபத்திரண்டு பேர். அதுவே நூறு பேர் என்றால் என்னால் முடிந்திருக்காது. பெயரை மாற்ற வேண்டாம், இந்த இழைக்கு நீங்கள் தேவை.

புதுமாணவி, இப்போது என்ன தலைப்பில் எழுத வேண்டும் உங்களுக்கு? நீங்களே எழுதிய ஒரு பத்தியை இங்கே போடுங்கள். எனக்கு இப்போது நேரத்துக்குக் குறைவில்லை. உட்கார்ந்து படிக்கிறேன்.

#17 புதுமாணவி

நிஜமாகவா ஐயா? சரி, போடுகிறேன். தலைப்பு "தேர்வுகள் தேவையா?" இது நேற்று ராத்திரி நானே எழுதியது. சிரிக்காதீர்கள்.

"தேர்வுகள் மாணவர்களின் படைப்பாற்றலை அழிக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். தேர்வு இல்லாவிட்டால் மாணவர்கள் பயமின்றிப் படிப்பார்கள். எனக்குப் பள்ளியில் தேர்வு என்றாலே வயிற்றைக் கலக்கும். ஆனால் தேர்வு இருந்த பாடங்களைத்தான் நான் படித்தேன். ஆகவே தேர்வுகளை நீக்க வேண்டும்."

#18 பழையவாத்தியார்

இரண்டு தடவை படித்தேன் அம்மா.

நான்காவது வாக்கியம் இருக்கிறதே, "தேர்வு இருந்த பாடங்களைத்தான் நான் படித்தேன்", அது உங்களுடையது. எந்தக் கருவியும் அதை எழுதியிருக்காது. அது வந்தவுடன் நீங்கள் பயந்துபோய் "ஆகவே" என்று போட்டுப் பழைய முடிவுக்கு ஓடிவிட்டீர்கள். அங்கேயே நில்லுங்கள். அது ஏன் அப்படி? தேர்வு இல்லாத பாடம் ஒன்றாவது நீங்களாகப் படித்ததுண்டா? உண்டென்றால் எது, ஏன்? முதல் வாக்கியத்தில் வரும் "எல்லோருக்கும்" யார் என்பதையும் சொல்லுங்கள். உங்கள் வகுப்பில் இரண்டு பேரிடம் கேட்டுப் பார்த்தாலும் போதும், ஒருவர் உங்களோடு ஒத்துப்போகாதவராக இருக்கட்டும்.

#19 புதுமாணவி

ஒன்று இருக்கிறது ஐயா. பள்ளியில் வானியல் பாடத்திட்டத்திலேயே கிடையாது, ஆனால் ஒரு வருடம் முழுக்க ராத்திரி நோட்டில் வியாழன் எங்கே இருக்கிறது என்று வரைந்துவைத்தேன். அதை யாரிடமும் சொன்னதில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று இப்போதுதான் தோன்றுகிறது. நோட்டு மேல் அலமாரியில் இருக்கிறது, எடுத்துப் பார்த்துவிட்டு நாளைக்குத் திரும்ப எழுதுகிறேன்.